படகு வாழ்வும் பழங்கடனும்

இலையுதிர் பருவம் தோன்றியதும், வட அமெரிக்காவின் கீழ்க்கரையிலே, பாய்மரப் படகையே இல்லமாகக் கொண்டோர் பலர் குளிருக்கு அஞ்சித் தென்திசை நோக்கிப் புறப்படுகின்றனர். சிற்றறையிலே சமையல், அங்கேயே துயில், அந்திதோறும் புதியதோர் துறையில் நங்கூரம்! பெருங்கடலின் அலைக்கு ஒதுங்கிய நீர்வழி அவர்களை ப்ளோரிடா வரையில் சேர்ப்பிக்கின்றது. இவ்வாழ்க்கையை நாம் குறை கூறோம். சில பொருள்களோடு மனநிறைவு காண அது கற்பிக்கின்றதன்றோ?

ஆயினும், அவ்வழியில் வர்ஜீனியாவையும் வட கரோலினாவையும் இணைக்கும் டிஸ்மல் சதுப்புநிலக் கால்வாயினுள் நுழைவோர் ஒன்றை மறத்தலாகாது. 22 மைல் நீளமுள்ள அக்கால்வாய் 1793-இல் தொடங்கப்பெற்று 1805-இல் திறக்கப்பட்டது. அதனை வெட்டியோர் பெரும்பாலும் அடிமைகள். கூலி சென்றதோ எசமானர் கைக்கு! அங்குப் படகு செலுத்திய மோசஸ் கிராண்டி என்னும் அடிமைக்குத் தம் விடுதலையின் பொருட்டு மும்முறை விலை கொடுக்க நேர்ந்தது. முதல் இருமுறையும் வஞ்சிக்கப்பட்டார். இடுப்பளவு சேற்றில் நின்று வேரறுத்தோர் பட்ட பாட்டை, 1843-இல் வெளிவந்த தம் சரிதையில் அவர் உரைத்துள்ளார்.

இன்பப் பயணத்தில் இத்துன்பக்கதை எதற்கு என்பாரும் உளர். இன்புறுவோர் வருந்தவேண்டும் என்பது நம் கருத்தன்று. அறிந்து இன்புறவேண்டும் என்பதே. விதைத்தவர் ஒருவர், அறுப்பவர் வேறொருவர் என்பதை நம் வேதமும் உணர்த்துகின்றது. அக்கரையிலே பாய் இறக்கி இளைப்பாறுவோர், பெயரும் கல்லறையும் அறியப்படாத அவ்வுழைப்பாளர்க்கு ஒரு கணமேனும் தலைவணங்குக. அக்கடனைத் தீர்க்க இயலாது, ஒப்புக்கொள்ளவேனும் இயலுமன்றோ?