கம்ப்யூட்டர் படிப்பும் பிறவி மூளைப் புரட்டும்

சமீபத்தில் மணப்பாறையில் ஒரு கூட்டத்திற்குப் போயிருந்தோம். கூட்டம் முடிந்து கிளம்பும் சமயம் விவசாயத் தோழர் ஒருவர் வந்து, “அய்யா, நம்ம பொண்ணு பன்னிரண்டாவதிலே நல்ல மார்க்கு வாங்கியிருக்கு. கம்ப்யூட்டர்தான் படிப்பேன் என்கிறது. அதெல்லாம் பெரிய ஜாதிப் பிள்ளைகளுக்கு வருகிற மூளை. காட்டுவேலை செய்கிற குடும்பத்துக்கு வருமா? ஜோசியரும் ஜாதகத்திலே வித்தைக் கட்டம் பழுது என்கிறார்” என்று கேட்டார். பக்கத்தில் அந்தப் பெண் தலைகுனிந்து நின்றாள்.

மார்க்கு வாங்கினவள் பெண். அவளுக்கு மூளை இருக்கிறதா என்று சொல்ல வேண்டியவர் ஜோசியர்! சர்க்கார் முத்திரை போட்ட மார்க்குப் பட்டியலைக் காட்டிலும் பன்னிரண்டு கட்டம் போட்ட காகிதத்துக்கு மதிப்பு அதிகம் என்றால், இந்த நாட்டில் பள்ளிக்கூடம் எதற்கு, பரிட்சை எதற்கு என்று கேட்கின்றோம்.

அந்தக் “கம்ப்யூட்டர் மூளை” எங்கிருந்து வந்தது என்பதைக் கொஞ்சம் பார்ப்போம். வீட்டில் விளக்குச் சுவிட்சு இருக்கிறது. போட்டால் எரிகிறது, நிறுத்தினால் அணைகிறது. போட்டதை ஒன்று என்றும், நிறுத்தினதைச் சுழி என்றும் வைத்துக் கொள்ளுங்கள். கம்ப்யூட்டருக்குள் இருப்பது இந்தச் சங்கதிதான். கோடிக்கணக்கான சுவிட்சுகள் கண்மூடித் திறப்பதற்குள் மாறுகின்றன, அவ்வளவே. ஒன்றையும் சுழியையும் கொண்டு சரி, தப்பு என்று தர்க்கம் செய்யும் கணக்கை உலகுக்குத் தந்தவர் எந்த ரிஷி? எந்தக் கோத்திரம்? அவர் பெயர் ஜார்ஜ் பூல். 1815-ல் இங்கிலாந்தில் லிங்கன் என்னும் ஊரில் செருப்புத் தைக்கும் தொழிலாளிக்கு மகனாய்ப் பிறந்தவர். சர்வகலாசாலையில் பட்டம் பெறாதவர். பெரும்பாலும் தாமாகவே படித்துக் கொண்டவர். அவரை 1849-ல் அயர்லாந்தில் கார்க் நகரத்துக் கல்லூரி கணிதப் பேராசிரியராக அமர்த்திக் கொண்டது. மின்சாரச் சுவிட்சுகளைக் கொண்டு அவருடைய கணக்கைச் செய்துவிடலாம் என்று 1937-ல் அமெரிக்க மாணவர் குளோட் ஷானன் காட்டினார். அவரே 1948-ல், எந்தக் கம்பியில் எந்தச் செய்தி போனாலும் அதை “பிட்” என்ற அளவால் அளக்கலாம் என்று செய்தித் தொடர்புக் கலைக்கும் அஸ்திவாரம் போட்டார். இவை எல்லாவற்றுக்கும் வேண்டிய மின்சாரத்தைக் காந்தத்தினால் உண்டாக்கலாம் என்று 1831-ல் கண்டவர் மைக்கேல் ஃபாரடே, கொல்லரின் மகன், புத்தகம் கட்டும் கடையில் வேலை பழகியவர்.

செருப்புத் தைப்பவர் மகனும் கொல்லர் மகனும் உண்டாக்கிய வித்தை, காட்டுவேலை செய்பவர் மகளுக்கு வராதாம்! பூல் அதே ஆண்டில் நம் நாட்டில் அதே தொழிலாளிக்குப் பிறந்திருந்தால் அக்கிரகாரத் தெருவில் நடக்கவே பாத்தியதை இருந்திராது. கணக்கு எங்கே வந்திருக்கும்? நமக்கு இல்லாமற் போனது மூளையல்ல. மூளை வளர இடந்தான்.

“பெண் பிள்ளைக்கு எதற்கு?” என்பாரும் உண்டு. 1946-ல் அமெரிக்காவில் எனியாக் என்னும் பெரிய மின்கணக்கு யந்திரத்தை ஊரறியக் காட்டியபோது, அதற்குக் கணக்கு வழி அமைத்துக் கொடுத்தவர்கள் ஆறு பெண்கள். மனிதர் எழுதும் கட்டளையை யந்திரப் பாஷைக்கு மாற்றும் வழியை 1952-ல் செய்து காட்டியவர் கிரேஸ் ஹாப்பர் என்ற அம்மையார்.

இனி, இடம் யார் கையில் இருக்கிறது என்பதைப் பாருங்கள். திருச்சியிலிருந்து மதுரை போகும் சாலையில் சேதுராப்பட்டி என்ற கிராமம். அங்கே இரண்டு கல்லூரிகள். இரண்டும் 2013-ல் ஏற்பட்டவை. ஒன்று ஸ்ரீரங்கம் அரசினர் பொறியியற் கல்லூரி. பெயர்தான் ஸ்ரீரங்கம், இருப்பது சேதுராப்பட்டி. மற்றொன்று இந்தியத் தகவல் தொழில்நுட்பக் கழகம். இரண்டிலும் கம்ப்யூட்டர் உண்டு, மின்னணுச் செய்தித் தொடர்புப் படிப்பும் உண்டு. காற்றும் ஒன்று, தண்ணீரும் ஒன்று. வாசல் மாத்திரம் வேறு!

முதல் வாசலில் பன்னிரண்டாவது வகுப்பு மார்க்கும் 69 சதவிகித வகுப்புரிமையும் செல்லும். இரண்டாவது வாசலில் அந்த மார்க்கு இடம் வாங்கித் தராது, ஜே.இ.இ. என்ற அகில இந்தியப் பரிட்சையின் வரிசைதான் இடம் தரும். கழகத்தை ஏற்படுத்தும் செலவில் நூற்றுக்கு 50 மத்திய சர்க்கார், 35 மாநில சர்க்கார், 15 தொழில் கம்பெனிகள் என்பது ஏற்பாடு. நூற்றுக்கு 35 கொடுத்த மாநிலத்தின் பிள்ளைகளுக்கென்று தனியாக ஓர் இடமும் ஒதுக்கப்படவில்லை. துவாக்குடி என்.ஐ.டி.யில் பாதி இடம் இம்மாநிலத்தாருக்கு என்று இருக்கும்போது, சேதுராப்பட்டியில் மட்டும் ஏன் கூடாது?

“அந்தப் பரிட்சையைத் தமிழிலும் எழுதலாமே” என்பார்கள். மெய்தான், 2021 முதல் எழுதலாம். பரிட்சையே கூடாது என்பதும் நமது வாதமல்ல; பன்னிரண்டாவதும் பரிட்சைதானே! இரண்டு வருஷம் பணங் கட்டிப் பயிற்சிக் கூடத்தில் உருப்போட்டவனையும், பள்ளிக்கூடம் விட்டு வந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டுப் படிக்க உட்காருகிறவளையும் ஒரே கோட்டில் நிறுத்தி ஓடச் சொல்லி, முந்தினவனுக்குத் “திறமைசாலி” என்று பெயர் சூட்டுவதைத்தான் புரட்டு என்கின்றோம்.

இந்தப் புரட்டு புதிதல்ல. வகுப்புவாரி உத்தரவின்மீது வைத்தியப் படிப்பையும் எஞ்சினீயர் படிப்பையும் காட்டித்தான் வழக்குத் தொடுத்தார்கள். 1951 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டு அது செல்லாது என்றது. தமிழ்நாடு கிளர்ந்தது, அவ்வாண்டு ஜூனிலேயே அரசியல் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பட்டது. “ஜாதி பார்த்து இடம் கொடுத்தால் திறமை கெடும்” என்று அன்று முதல் அழுதவர்கள், 2019-ல் வருஷம் எட்டு லட்சத்துக்குக் கீழ் வருமானமுள்ள முன்னேறிய ஜாதியாருக்கு 10 சதவிகிதம் வந்தபோது வாயே திறக்கவில்லை. அப்போது திறமை கெடவில்லை போலும்!

வெளிப் பூட்டு இது. உள் பூட்டை நாமே போட்டுக் கொண்டிருக்கின்றோம். மணப்பாறைச் சந்தையில் மாடு பிடிக்கிறவர் சுழி பார்ப்பது உண்டு. ஆனாலும் பல்லைப் பிடித்துப் பார்க்காமல், நடக்கவிட்டுப் பார்க்காமல் பணத்தை அவிழ்ப்பாரா? மாட்டுக்குக் காட்டும் புத்தியை மகளுக்குக் காட்டாதது வெட்கக்கேடல்லவா? ஆயுத பூஜையன்று கம்ப்யூட்டருக்குச் சந்தனமும் குங்குமமும் அப்புகின்றோம். செருப்புத் தைப்பவர் மகன் கணக்கில் ஓடும் யந்திரம், நம் வீட்டில் வந்து சாமியாகிவிட்டது! இன்னொரு மூடநம்பிக்கையும் முளைத்திருக்கிறது. விளம்பரத்தில் படிப்பின் பெயர் எவ்வளவு நீளமோ அவ்வளவு உயர்த்தி என்று நிலத்தை அடகு வைக்கின்றோம். ஆசிரியர் எத்தனை பேர், சோதனைக் கூடம் உண்டா, படித்து வெளிவந்தவர் என்ன செய்கிறார் என்று கேட்பதில்லை. ஜாதகத்தை நம்புவதும் விளம்பரத்தை நம்புவதும் ஒன்றே.

ஆகவே, தோழர்களே! சர்க்கார் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்குப் பொறியியலில் 7.5 சதவிகித இடம் உண்டென்று 2021-ல் சட்டம் வந்தது. குடும்பத்தில் முதல் பட்டதாரிக்குக் கட்டணச் சலுகை 2010-ல் ஏற்பட்டது. சர்க்கார் பள்ளியில் ஆறாவது முதல் படித்த பெண்ணுக்கு மேற்படிப்பில் மாதம் 1,000 ரூபாய் என்று 2022-ல் திட்டம் வந்தது. இவை பிச்சையல்ல, நமது வரிப்பணம். இவற்றை ஊர் ஊராய்ச் சொல்லுங்கள். எழுதப் படிக்கத் தெரிந்த ஒவ்வொரு தோழரும் வருஷத்திற்கு ஒரு பிள்ளைக்காவது கூட இருந்து விண்ணப்பம் போட்டுக் கொடுங்கள். சேதுராப்பட்டிக் கழகத்தில் நமது பங்குக்குத் தக்க இடம் வேண்டும் என்று கூட்டந்தோறும் தீர்மானம் போட்டு அனுப்புங்கள்.

இவ்வளவும் கேட்ட அந்த மணப்பாறைத் தோழர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “சுழி சுத்தம் என்று வாங்கின காளை ஒன்று ஆறு மாசத்திலே படுத்துவிட்டது, அய்யா” என்று சொல்லிச் சிரித்தார். பெண்ணைப் பார்த்து, “விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி என்றைக்கம்மா?” என்று கேட்டார். அவள் அப்பொழுதுதான் தலை நிமிர்ந்தாள். தேதியை மனப்பாடமாய் வைத்திருந்தாள்.