பலாலியில் இருந்து திருச்சி எவ்வளவு தூரம்?

பலாலியில் இருந்து திருச்சிராப்பள்ளிக்கு வான்வழித் தூரம் ஏறக்குறைய 185 கிலோமீற்றர். சென்னைக்கு ஏறக்குறைய 355 கிலோமீற்றர். இரத்மலானைக்கோ 330 கிலோமீற்றர். தலைநகரை விடத் திருச்சியே யாழ்ப்பாணத்தவருக்கு அண்மையில் உள்ளது.

இந்த அண்மை புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டதன்று. எயார் சிலோன் நிறுவனம் 1947 டிசெம்பர் 10 இல் தனது முதலாவது சேவையைத் தொடங்கியபோது, அதன் டகோட்டா விமானம் இரத்மலானையில் இருந்து காங்கேசன்துறை வழியாகவே சென்னைக்குச் சென்றது. போர் அந்த வழியை மூடியது. அதன்பின் சென்னைக்குச் செல்லவேண்டிய யாழ்ப்பாணத்தவர் இரவு முழுவதும் பஸ்ஸில் தெற்கே பயணித்து, கட்டுநாயக்கவில் விமானம் ஏறி, ஏறக்குறைய 650 கிலோமீற்றர் மீண்டும் வடக்கே பறக்க வேண்டியிருந்தது. 2019 ஒக்டோபர் 17 இல் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. கொரோனாவால் 2020 மார்ச்சில் நின்ற சேவை 2022 டிசெம்பரிலேயே மீண்டது. சென்னைக்கு 2024 செப்டெம்பரிலும் திருச்சிக்கு 2025 மார்ச் இறுதியிலும் இண்டிகோ நிறுவனம் சேவைகளை ஆரம்பித்தது.

ஓடுபாதையை நீட்டிப் பெரிய ஜெற் விமானங்களைக் கொண்டுவந்தால் பயண நேரம் வெகுவாகக் குறையும் என்று சிலர் வாதிடுகின்றனர். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. பலாலிக்கு வரும் ஏ.ரி.ஆர். 72 ரக விமானம் மணிக்கு ஏறக்குறைய 500 கிலோமீற்றர் வேகத்தில் பறக்கக்கூடியது. 185 கிலோமீற்றரைக் கடக்க அதற்கு 22 நிமிடங்கள் போதும். மணிக்கு 800 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் ஜெற் விமானத்துக்கு 14 நிமிடங்கள். வித்தியாசம் 8 நிமிடங்களே. ஆயினும் திருச்சிச் சேவைக்கு அட்டவணையில் சுமார் ஒரு மணித்தியாலம் ஒதுக்கப்பட்டது. ஓடுபாதையில் ஊர்தல், மேலெழுதல், இறங்குவதற்கான சுற்று ஆகியனவே குறுந்தூரப் பறப்பின் பெரும்பங்கு நேரத்தை எடுத்துக்கொள்கின்றன. இவற்றை எந்த ஜெற் விமானமும் தவிர்க்க முடியாது.

நீண்ட ஓடுபாதையால் பயனே இல்லை என்பதல்ல என் வாதம். கூடுதல் ஆசனங்களும் தொலைதூர நகரங்களுக்கான நேரடிச் சேவைகளும் அதனால் கிட்டலாம். ஆனால் அதற்கான நிலம் எங்கிருந்து வரும் என்ற கேள்வியையும் சேர்த்தே கேட்க வேண்டும். விமான நிலையத்தைச் சூழவுள்ள வலிகாமம் வடக்கு மக்கள் 1990 இல் இடம்பெயர்ந்தனர். அவர்களின் காணிகள் இன்னமும் முழுமையாகக் கையளிக்கப்படவில்லை. முப்பத்தைந்து ஆண்டுகளாகத் தம் முற்றத்தை மிதிக்கக் காத்திருப்பவர்களிடம், எட்டு நிமிடங்களை மிச்சம்பிடிக்க உங்கள் தோட்டத்தைத் தாருங்கள் என்று கேட்பது எந்த அபிவிருத்தியிலும் சேராது. விரிவாக்கம் அவசியமாயின், உரிமையாளரின் சம்மதத்துடனும் நியாயமான இழப்பீட்டுடனும் அது நடக்கட்டும்.

அதுவரை செய்யக்கூடியவை பல. சேவை இடையறாது நடக்க வேண்டும். கட்டணம் சாதாரண குடும்பங்களுக்கு எட்டவேண்டும். குடிவரவு, சுங்கச் சோதனைகள் விரைவாக முடியவேண்டும். யாழ். நகரில் இருந்து விமான நேரங்களுக்கு ஏற்பப் பஸ்கள் ஓடவேண்டும். இவற்றுக்கு ஒரு பரப்புக் காணிகூடத் தேவையில்லை.

சிகிச்சைக்காகவோ திருமணத்துக்காகவோ புறப்படும் ஒருவருக்குப் பயணம் ஓடுபாதையில் தொடங்குவதில்லை; வீட்டுப் படலையில் தொடங்குகிறது. அங்கிருந்து சேருமிடம் வரை செல்லும் நேரத்தைக் குறைப்பதே அதிகாரிகளின் முதல் வேலையாக இருக்கவேண்டும்.