சர்ச்சும் பஞ்சமி நிலமும்: செங்கல்பட்டில் 1891-ல் எழுந்த கேள்வி இன்னும் ஏன் முடியல?

தாம்பரம் தாண்டி வண்டலூர், கூடுவாஞ்சேரி, மறைமலை நகர் என்று ஜி.எஸ்.டி. சாலையில் போனால் ரெண்டு பக்கமும் மனை விற்பனை போர்டுதான். வாங்க வருபவர்கள் பட்டா இருக்கா, லோன் கிடைக்குமா, ஸ்டேஷன் எவ்வளவு தூரம் என்று கேட்கிறார்கள். 'இது பஞ்சமி நிலமா?' என்று கேட்பவர்கள் குறைவு. 2019-ல் 'அசுரன்' படம் வந்தபோது அந்த வார்த்தை கொஞ்ச நாள் எல்லார் வாயிலும் இருந்தது. பிறகு அடங்கிவிட்டது.

பஞ்சமி நிலத்தின் கதை தொடங்கியது இதே செங்கல்பட்டு மாவட்டத்தில்தான். அதில் கிறிஸ்தவ மிஷனரிகளுக்கும் பங்கு உண்டு. ஏழைக்குச் சோறு போடுவதோடு ஊழியம் முடிந்துவிடுமா, இல்லை அவர் ஏன் ஏழையாகவே இருக்கிறார் என்று கேட்பதும் ஊழியமா? சபைகளுக்குள் இன்றும் நடக்கும் இந்த விவாதத்துக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

1891-ல் என்ன நடந்தது?

அப்போது தாம்பரம், செங்கல்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த ஒரு ஊர். நிலம் மிராசுதார்கள் பிடியில் இருந்தது. தரிசாகக் கிடந்த அரசு நிலத்தைக்கூட ஒரு தலித் கூலித் தொழிலாளி மனு போட்டு எளிதில் வாங்கிவிட முடியாது. முன்னுரிமை மிராசுதாருக்கு. 'எனக்கு வேணும்' என்று அவர் சொன்னால் மனு காலி. சேரியில் குடிசை நின்ற இடத்துக்கும் பல ஊர்களில் மிராசுதாரே உரிமை கொண்டாடினார். கூலியில் தகராறு செய்தால் வீடும் போய்விடும்.

பள்ளிக்கூடம், ஜெபக்கூடம் என்று சேரிக்குள் போன சில மிஷனரிகள் இதை நேரில் பார்த்தார்கள். செங்கல்பட்டில் ஸ்காட்லாந்து ஃப்ரீ சர்ச் மிஷனைச் சேர்ந்த ஆடம் ஆண்ட்ரூ, திருவள்ளூர் பக்கம் வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த வில்லியம் கௌடி இருவரும் நிலம்தான் பிரச்சினையின் வேர் என்று அரசுக்கு எடுத்துச் சொன்னார்கள். அதே காலத்தில் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர் 1891-ல் ஒரு விரிவான அறிக்கை கொடுத்தார். 1892 செப்டம்பர் 30-ல் அரசாணை வந்தது. சென்னை மாகாணம் முழுக்க சுமார் 12 லட்சம் ஏக்கர் இப்படி ஒதுக்கப்பட்டதாகச் சொல்லப்படுகிறது.

ஆண்ட்ரூ இருந்த அதே ஸ்காட்லாந்து மிஷன்தான் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியையும் நடத்தியது. 1937-ல் தாம்பரத்துக்கு இடம் மாறிய அந்தக் கல்லூரியில், 19-ஆம் நூற்றாண்டில் படித்தவர்களில் பெரும்பாலோர் உயர்சாதி இந்து மாணவர்கள். மேலே இருப்பவர்களைப் படிக்க வைத்தால் நல்லது தானாகக் கீழே இறங்கும் என்று ஒரு தரப்பு. நேராகச் சேரிக்கே போகணும் என்று இன்னொரு தரப்பு. ஒரே மிஷனுக்குள் ரெண்டும் இருந்தது.

மதம் மாற்றத்தானே இதெல்லாம் என்ற குற்றச்சாட்டு அப்போதே இருந்தது. ஆள் சேர்க்கும் ஆசை மிஷனரிகளுக்கு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அதே நேரம் நிலம் அவர்கள் போட்ட பிச்சையும் இல்லை. அயோத்திதாசர், 1893-ல் 'பறையன்' இதழைத் தொடங்கிய இரட்டைமலை சீனிவாசன் என்று தலித் தலைவர்களே உரிமைக்குரல் எழுப்பிய காலம் அது.

நிபந்தனை என்ன?

நிலத்தை முதல் 10 ஆண்டுகளுக்கு விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது. அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே கைமாற்றலாம். மீறினால் அரசு திரும்ப எடுத்துக்கொள்ளலாம். இந்த நிபந்தனையை உறுதிசெய்து சென்னை உயர் நீதிமன்றமும் தீர்ப்பு சொல்லியிருக்கிறது. ஆனால் கடனுக்கும் மிரட்டலுக்கும் கைமாறிய நிலம் ஏராளம். இன்றைய பட்டாவில் ஒன்றும் தெரியாமல் போகலாம். பழைய 'அ' பதிவேட்டைப் புரட்டினால்தான் டி.சி. நிலம் என்ற குறிப்பு கிடைக்கும்.

கர்நாடகத்தில் இதற்கென்றே 1978-ல் தனிச் சட்டம் போட்டார்கள். அதை 1984-ல் உச்ச நீதிமன்றமும் ஏற்றது. தமிழ்நாட்டில் அப்படியொரு சட்டம் வேண்டும் என்பது இன்னும் கோரிக்கையாகவே நிற்கிறது.

மாமல்லபுரம் பக்கத்திலுள்ள காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்க தலித் மக்கள் போராடினார்கள். அவர்கள் வைத்த அம்பேத்கர் சிலை அகற்றப்பட்டது. 1994 அக்டோபர் 10-ல் செங்கல்பட்டில் நடந்த போராட்டத்தில் போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரிழந்தார்கள். அந்த இயக்கத்தில் தலித் அமைப்புகளோடு இயேசு சபை பாதிரியார்களும் நின்றார்கள். ஒரு நூற்றாண்டு கழித்து, அதே மாவட்டத்தில், அதே நிலம்.

சபைக்குள் ஏன் தயக்கம்?

பைபிளில் இது புதுசு இல்லை. நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தை ஆகாப் ராஜா அபகரித்தபோது எலியா தீர்க்கதரிசி நேரில் போய்க் கேட்டார். 50-வது ஆண்டான யூபிலியில் கைமாறிய நிலம் பழைய குடும்பத்துக்கே திரும்ப வேண்டும் என்று லேவியராகமம் சொல்கிறது. கத்தோலிக்க திருச்சபை 2025-ஐ யூபிலி ஆண்டாகவே கொண்டாடியது. ஆனாலும் 2015 வெள்ளத்தில் முடிச்சூரில் சாப்பாட்டுப் பொட்டலம் கொடுப்பது எளிது, யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். சர்வே நம்பரை எடுத்துக்கொண்டு தாலுகா ஆபீஸ் போனால் எதிரில் நிற்பது சொந்த சபையின் உறுப்பினராகவே இருக்கலாம். திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் சாதிச் சுவர் இருப்பது ஊரறிந்த விஷயம்.

தலித் கிறிஸ்தவர்களுக்குச் சிக்கல் இன்னும் ஒரு படி அதிகம். 1950-ஆம் ஆண்டு ஜனாதிபதி ஆணைப்படி இந்துக்களுக்கும், 1956 முதல் சீக்கியர்களுக்கும், 1990 முதல் பௌத்தர்களுக்கும் மட்டுமே பட்டியல் சாதி அந்தஸ்து. மதம் மாறிய கிறிஸ்தவர்கள் தமிழ்நாட்டில் பி.சி. பட்டியலில் வருகிறார்கள். அதனால் நிலம் கேட்டுப் போய் சாதியைச் சொல்லி அடி வாங்கினாலும், வன்கொடுமை தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பு அவர்களுக்கு இல்லை. இந்த அந்தஸ்தை அவர்களுக்கும் தர வேண்டும் என்று 2023 ஏப்ரல் 19-ல் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் போட்டது. இதே கேள்வியை ஆராய, அதற்கு முன்பே 2022 அக்டோபரில் ஓய்வுபெற்ற தலைமை நீதிபதி கே.ஜி.பாலகிருஷ்ணன் தலைமையில் மத்திய அரசு ஆணையம் அமைத்தது. கொடுத்த கெடு ரெண்டு வருஷம். அது முடிந்தும் நீட்டிப்புதான் கிடைத்தது.