ஊரடங்கு வேளையில் ஒரு வீரன்

விடுதலை பெற்ற தேசம் தன் போராட்டத்தைப் படமாக எடுக்கும்போது, வெற்றி முழக்கமே மேலோங்கி நிற்பது இயல்பு. வெற்றிக்குப் பின் போராடியவன் கதி என்னவாயிற்று என்று கேட்கும் தைரியம் உடனே வந்துவிடுவதில்லை. இந்தோனேஷியருக்கு அது வெகு சீக்கிரத்தில் வந்தது. டச்சுக்காரர்கள் ஆட்சியுரிமையை ஒப்படைத்தது 1949-ம் வருஷம் டிசம்பர் 27-ந் தேதி. டைரக்டர் உஸ்மார் இஸ்மாயிலின் 'லெவாட் ஜாம் மாலம்' வெளிவந்தது 1954-ல். 'ஊரடங்கு நேரத்திற்குப் பின்' என்பது அதன் பொருள். திரைக்கதை எழுதியவர் கவிஞர் அஸ்ருல் ஸானி.

கதாநாயகன் இஸ்கந்தர் படையை விட்டு விலகிப் பாண்டுங் நகருக்கு வருகிறான். மணக்கவிருக்கும் நோர்மா காத்திருக்கிறாள், உத்தியோகமும் கிடைக்கிறது. ஆனால் மனம் எதிலும் பொருந்தவில்லை. போர்க்காலத்தில், துரோகிகள் என்று தலைவன் குனவான் சொன்னதை நம்பி அவன் ஒரு குடும்பத்தைக் கொன்றிருந்தான். அவர்களுடைய நகைகளைக் கொண்டே அந்தத் தலைவன் இன்று பெரிய வியாபாரியாகியிருக்கிறான் என்று அறிந்ததும் இஸ்கந்தர் அவனைக் கொன்றுவிடுகிறான். அன்றிரவே ஊரடங்கை மீறி நோர்மாவை நாடி ஓடிவருகையில், சுதந்திர தேசத்துச் சிப்பாய்களின் குண்டுக்கே இரையாகிறான்.

இப்படத்தில் நம் மனத்தை விட்டு அகலாத பாத்திரம் இன்னொன்று உண்டு. உடலை விற்றுப் பிழைக்கும் லைலா என்ற பெண், பத்திரிகையில் காணும் அழகிய பொருள்களின் படங்களைக் கத்தரித்துச் சேர்த்து வைக்கிறாள். விடுதலை அவளுக்குக் கொண்டுவந்தது அந்தக் காகிதத் துண்டுகள் மட்டுமே. நடிகை தாலியா இப்பாத்திரத்தை வெகு இயற்கையாக நடித்திருக்கிறார்.

இத்தகைய படத்தை அந்நாட்டார் வெறுத்து ஒதுக்கினார்களா? இல்லை. 1955-ல் நடந்த முதல் இந்தோனேஷியத் திரைப்பட விழாவில் சிறந்த படத்திற்கான பரிசை இதற்கும் 'தார்மினா' என்ற படத்திற்கும் சேர்த்து வழங்கினார்கள். உலகத்தார் கண் திறக்க வெகு காலம் பிடித்தது. பழுதுபட்டிருந்த பிரதியைச் சிங்கப்பூர் தேசியப் பொருட்காட்சிசாலையும் உலக சினிமா ஸ்தாபனமும் முயன்று புதுப்பித்த பிறகு, 2012-ல் பிரான்ஸ் தேசத்துக் கான் விழாவில் அது திரையிடப்பட்டது.

கானில் கிடைத்த கௌரவம் பெரிதுதான். எனினும் 1955-ல் சொந்த ஜனங்கள் அளித்த பரிசையே நாம் பெரிதாக மதிக்கிறோம். படம் இஸ்கந்தரை வீரனென்று புகழ்ந்து தப்பவிடவில்லை. அவன் கையிலுள்ள இரத்தக் கறையை மறைக்கவுமில்லை. அதைக் கண்டு முகம் சுளிக்காமல், 'இதுவும் எங்கள் கதையே' என்று ஏற்றுக்கொண்ட நெஞ்சுரம் இளந்தேசம் ஒன்றுக்கு இருந்ததே, அதுவல்லவா போற்றத்தக்கது!