மினியைத் தாழ்த்துமுன்

மினி கூப்பர் கார் ஒன்றை வைத்திருக்கும் அன்பர் ஒருவர் எமக்கு நீண்டதொரு கடிதம் எழுதியிருக்கிறார். வண்டி அவருடைய தந்தையார் வாங்கியது. மகன் அதனை இரண்டு அங்குலம் தாழ்த்தி, கெட்டியான கம்பிச் சுருள் வில்களும் 13 அங்குலச் சில்லுகளும் பூட்ட வேண்டுமென்று நிற்கிறான். அப்படிச் செய்தால் வளைவுகளிலே வண்டி தெருவை இறுகப் பிடித்தோடும் என்பது அவன் வாதம். அன்பருடைய தாயாரோ, இப்பொழுதே ஒவ்வொரு குழியிலும் இடுப்பு நோகிறதென்று சொல்லிப் பின் ஆசனத்தில் ஏற மறுக்கிறார். இருவரில் எவர் சொல்லைக் கேட்பது என்று அன்பர் வினவுகிறார். பேரனும் பாட்டியும் ஒரே நோயைப் பற்றித்தான் முறையிடுகிறார்கள் என்பது எமது எண்ணம்.

வண்டி கெட்டியாக இருந்தாற்றான் வளைவிற் பிடிக்கும் என்னும் நம்பிக்கை பந்தயத் திடலிலிருந்து வந்தது. திடலின் தளம் மேசைபோல ஒப்பரவானது. எமது வீதிகளோ அத்தகையன அல்ல. சில்லு ஒரு மேட்டில் ஏறி இறங்கும்போது, வில் அதனை உடனே நிலத்தோடு சேர்க்க வேண்டும். வில் மிதமிஞ்சிக் கெட்டியாயின் சில்லு துள்ளும். துள்ளும் கணத்தில் டயருக்கும் தெருவுக்கும் தொடர்பே இல்லை. தொடர்பற்ற டயர் வளைக்கவும் மாட்டாது, பிறேக் பிடிக்கவும் மாட்டாது. லோட்டஸ் கார்களை அமைத்த கொலின் சப்மன் இதனை நன்கறிந்தவர். 1962இல் அவர் வெளியிட்ட எலான் என்னும் வண்டியில் வில்கள் மிக மென்மையானவை. அவற்றின் ஆட்டத்தை அடக்கும் பொறுப்பைச் சொக் அப்சோபர்களிடம் விட்டார். வளைவில் அவ்வண்டியை மிஞ்ச அக்காலத்திற் பலவற்றால் இயலவில்லை. அதிலே பிரயாணஞ் செய்வோர் முதுகும் நோகவில்லை.

மினியின் கதை இன்னும் சுவையானது. 1956இல் சுயெஸ் நெருக்கடியால் பெற்றோலுக்குத் தட்டுப்பாடு நேர்ந்தபொழுது, சின்னஞ்சிறு கார் ஒன்றை அமைக்கும் பணியைப் பிரிட்டிஷ் மோட்டார்க் கூட்டுத்தாபனம் அலெக் இசிகோனிஸ் என்பவரிடம் ஒப்படைத்தது. 1959 ஆகஸ்ட் மாதம் வண்டி வெளிவந்தது. நீளம் பத்தடி; சில்லு பத்து அங்குலம். நிறை ஏறக்குறைய 1,300 இறாத்தல். இங்கேதான் சிக்கல் பிறந்தது. வளர்ந்தவர் நால்வர் ஏறினால் வண்டியின் நிறையில் ஏறத்தாழப் பாதி மேலதிகமாகச் சேர்ந்துவிடும். தனியொருவருக்குப் பொருத்தமான வில் நால்வருக்குத் தளர்ந்துவிடும். நால்வரைத் தாங்கும் வில்லில் தனியொருவர் போனால் குலுங்கிச் சாவார். இசிகோனிசின் நண்பர் அலெக்ஸ் மோல்டன் இதற்கு வழி கண்டார். இறப்பர்த் தொழிலில் தலைமுறையாக ஈடுபட்ட குடும்பத்திற் பிறந்த அவர், உருக்கு வில்லை நீக்கி இறப்பராலான கூம்பினை வைத்தார். கூம்பு சிறிது அமுங்கும்போது மென்மை காட்டும்; மேலும் அமுங்க அமுங்கத் தானே இறுகிவிடும். சுமைக்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் வில் அது. இறப்பர் விளையும் நாட்டவராகிய நாம் இதனைச் சற்றே பெருமையுடன் நோக்கலாம்.

1961இல் ஜோன் கூப்பர் என்பவரின் பெயர் தாங்கி வந்த விரைவு வண்டியும் இதே கூம்புகளின்மீதுதான் நின்றது. 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் மொன்டி கார்லோ நெடுந்தூரப் போட்டியில் மினி முதலிடம் பெற்றமை பலரும் அறிந்ததே. அப்போட்டி பனி உறைந்த மலை வீதிகளில் நடைபெறுவது. நிலத்தோடு நிலமாகப் பதிந்த வண்டி அங்கே நெடுந்தூரம் போயிராது என்பதை அன்பரின் மகன் கவனிப்பது நலம்.

இனி நோயைப் பார்ப்போம். இறப்பர் நிலைத்து நிற்பதன்று. ஆண்டுகள் பல செல்ல, கூம்பு சப்பையாகி இறுகிவிடுகிறது. அதனால் வண்டி தானாகவே தாழ்ந்து நிற்கும். அன்பருடைய வண்டியும் அப்படி நின்றால் மகன் விரும்பிய தாழ்வு ஏற்கெனவே வந்துவிட்டது. அதனோடு பாட்டியாரின் இடுப்பு நோவும் வந்துவிட்டது. எனவே முதற் செலவு புதிய கூம்புகள் நான்குக்கே ஆகவேண்டும். முன் கூம்புகளைக் கழற்ற அவற்றுக்கென்றே உள்ள அமுக்கு கருவி அவசியம். அமுங்கிய கூம்பிலே அடங்கியிருக்கும் விசை சிறிதன்று; கடப்பாரையால் நெம்பிக் கழற்றலாம் என்று சொல்லும் கராஜிலிருந்து வண்டியை உடனே வெளியே எடுத்துவிடுங்கள்.

ஒரு விஷயத்தை இங்கே சொல்லாமல் விட்டால் பிழையாகும். 1964 முதல் சில ஆண்டுகள் வெளிவந்த மினிக் கார்களில் கூம்புக்குப் பதிலாக, முன் சில்லையும் பின் சில்லையும் குழாயால் இணைத்துத் திரவம் நிரப்பிய அமைப்பு இருந்தது. அன்பரின் வண்டி அவ்வகையைச் சேர்ந்ததாயின் வேலை முற்றிலும் வேறு. எதையும் வாங்குமுன் அடியிற் குனிந்து பார்ப்பது நன்று.

இரண்டாவதாக, எவர் கண்ணிலும் படாத ஓரிடம் உண்டு. பின் சில்லு ஒவ்வொன்றும் ஒரு புயத்தினால் வண்டியோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. அப்புயம் ஆடும் இடத்தில் ஒரு பக்கம் ஊசிப் பெயறிங்கும் மறுபக்கம் வெண்கலப் புஷ்ஷும் இருக்கின்றன. இவற்றுக்குக் கிறீஸ் கொடுக்க வெளியே ஒரு சிறு நிப்பிள் உண்டு. சேறு மூடிக் கிடக்கும் அதனைத் துடைத்துத் தேடுபவர் அரியர். கிறீஸ் காணாத புயம் தேய்ந்து தளரும். சில சமயம் இறுகிப் பிடித்தும் விடும். வண்டியின் பின்னாற் சென்று சற்றுத் தூரத்தில் நின்று பாருங்கள். ஒரு சில்லின் தலை மற்றதிலும் அதிகமாக உட்பக்கம் சாய்ந்து நின்றால் அந்தப் புயத்திற் பழுது இருக்கிறதென்று சந்தேகிக்கலாம். இந்தப் பழுதோடு விலையுயர்ந்த சொக் அப்சோபர் பூட்டுவது, சுவர் வெடித்த வீட்டுக்கு வர்ணம் பூசுவது போன்றதுதான். பின்புறத்துக் கீழ்ச்சட்டத்தையும் அவ்வேளையிலேயே தட்டிப் பார்த்துவிட வேண்டும். மினிக்குத் துரு பிடிக்கும் முதன்மையான இடங்களில் அது ஒன்று. கடலோர உப்புக் காற்றில் நின்ற வண்டியாயின் சொல்ல வேண்டியதில்லை. துருவேறிய சட்டம் வளைவின் நடுவில் விட்டுப் போகுமாயின், அதன் விலை பணத்தால் அளக்கக்கூடியதன்று.

அதன் பின்னரே சொக் அப்சோபர். வண்டியின் மூலையை அமுக்கிவிட்டு எத்தனை முறை ஆடுகிறதென்று எண்ணும் பழைய பரிசோதனை மினியிற் பெரிதும் உதவாது. இறப்பர் தானே ஆட்டத்தில் ஒரு பகுதியை விழுங்கிவிடும். ஒயில் கசிந்திருக்கிறதா, ஈயங்களில் உள்ள இறப்பர்ப் புஷ்கள் நைந்திருக்கின்றனவா, விரைவாகச் செல்கையில் வண்டி மிதக்கிறதா என்று பார்ப்பதே மேல். இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் வகையை வாங்கினால், மிக மென்மையான நிலையிலிருந்து தொடங்கி, தெரிந்த ஒரு வீதியில் ஓட்டிப் பார்த்துச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். வாங்கிய அன்றே கடைசிவரை திருகிவிட்டு வண்டி பந்தயக் கார் ஆகிவிட்டதென மகிழ்வோர் பலர்.

சில்லைப் பற்றி எமது தீர்ப்பு கடுமையானது. பத்து அங்குலச் சில்லுக்குரிய 145 அளவு டயரின் ஓரச்சுவர் ஏறத்தாழ நான்கரை அங்குல உயரம். 13 அங்குலச் சில்லுக்கு வழக்கமாகப் போடும் 175/50 அளவு டயரின் ஓரச்சுவர் மூன்றரை அங்குலமும் இல்லை. அந்த ஓர் அங்குலமும் காற்று மெத்தையாக இருந்தது. அதனை இழந்து பெறுவது அழகு ஒன்றே. சில்லின் நிறையும் கூடுவதால், மேட்டில் ஏறிய சில்லை மீண்டும் தெருவில் அமர்த்துவதும் கடினமாகும். 145 அளவு ரேடியல் டயருக்கு முன்னே 28 இறாத்தலும் பின்னே 26 இறாத்தலும் காற்று அடித்து ஓட்டிப் பாருங்கள். காற்று அளவைச் சரிபார்க்கச் செலவு ஒன்றுமில்லை. அதனாலேயே போலும் அதனைச் செய்வாரும் இல்லை.

இவ்வளவும் முடிந்த பின்னும் மகனுக்கு ஆசை எஞ்சியிருக்குமாயின், அது நியாயமான ஆசையே. நாமும் அதற்குத் தடை சொல்லோம். மினியின் முன் சில்லுகள் தொழிற்சாலையிலிருந்து வரும்போது தலை சற்று வெளியே சாய்ந்திருக்கும். நீளங்கூடிய கீழ்ப் புயங்களைப் பூட்டி, அவற்றை ஒன்றரைப் பாகை உட்பக்கம் சாய்த்தால், வளைவில் டயர் முழுப் பாதத்தையும் ஊன்றும். கடுகண்ணாவை வளைவுகளில் முதல் நாளே வேறுபாடு தெரியும்; ஆசன மெத்தையில் அமர்ந்திருப்பவருக்கு ஒரு வேறுபாடும் தெரியாது. இதுபோன்ற மாற்றத்தையே நாம் விரும்புகிறோம். பின்னர்ச் சில்லுகளை நேர்ப்படுத்த வேண்டும்: முன் சில்லுகள் அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்கு வெளிநோக்கியும், பின் சில்லுகள் எட்டில் ஒரு பங்கு உள்நோக்கியும் இருப்பது தொழிற்சாலை வகுத்த அளவு.

உயரத்தை மாற்றுவதாயின் கூம்புகளை அப்படியே வைத்துக்கொண்டு, உயரத்தைத் திருகித் திருத்தும் தண்டுகளைப் பூட்டலாம். மினியின் சில்லுக்கு மேலும் கீழும் செல்லக் கிடைக்கும் இடமே குறைவு. இரண்டு அங்குலம் தாழ்த்தினால் அதிற் பெரும்பகுதி போய்விடும். பின்பு சிறு குழியிலும் புயம் தடுப்பு இறப்பரில் மோதும், வளைவின் நடுவே அப்படி மோதினால் வண்டி திடீரென வழுக்கவும் கூடும். முக்கால் அங்குலத்துக்கு மேல் தாழ்த்த வேண்டாம் என்பது எமது ஆலோசனை. அதனையும் உடனே செய்தல் தகாது. புதிய கூம்புகள் முதலில் உயர்ந்து நின்று, ஓட ஓடத்தான் அமரும். இரண்டு மூன்று மாதம் வண்டியை ஓட்டிவிட்டு, சமதரையில் நிறுத்தி, நான்கு சில்லுகளின் மேலும் மட்கார்ட் விளிம்புவரை அளந்து குறித்துக்கொண்டு, அதன்பின் திருகைத் தொட்டாற் போதும்.