கானாவின் சந்தைப் பை

மக்காச்சோள மாவைப் புளிக்க வைத்து, உருண்டையாக்கி, சோள மடலில் சுற்றி வேகவைத்தால் அதற்குப் பெயர் கென்கே. பொரித்த மீனும் காரமான மிளகாய்த் துவையலும் தொட்டுக்கொள்ள இருக்கும். மேற்கு ஆப்பிரிக்க நாடான கானாவின் தலைநகர் அக்ராவில் மூட்டை தூக்குகிறவர் முதல் அலுவலகம் போகிறவர் வரை பலருக்கு மதியச் சாப்பாடு இதுதான். விலைவாசி ஏறும்போது கென்கே விற்கும் பெண்களுக்கு இரண்டு வழிதான் உண்டு. விலையை ஏற்றலாம், அல்லது உருண்டையைச் சின்னதாக்கலாம். 2022-ல் இரண்டுமே நடந்தது.

அந்த வருடம் ஜனவரியில் ஒரு அமெரிக்க டாலருக்கு 6 செடி கொடுத்தால் போதும். செடி என்பது கானாவின் நாணயம். நவம்பரில் அதே டாலருக்கு 14, 15 செடி வரை கொடுக்க வேண்டியிருந்தது. பெட்ரோல், டீசல், அரிசி, கோதுமை, உரம் என்று கானா வெளியிலிருந்து வாங்குவது ஏராளம். எல்லாம் டாலர் கணக்கு. டாலர் ஏறினால் லாரி வாடகை ஏறும். லாரி வாடகை ஏறினால் கிராமத்திலிருந்து வரும் சோளத்தின் விலையும் ஏறும். டிசம்பரில் பணவீக்கம் 54.1 சதவீதத்தைத் தொட்டது.

இது ஒரே நாளில் வந்த வினை அல்ல. பல வருடங்களாக வரவுக்கு மேல் செலவு. பள்ளத்தை நிரப்ப வெளிநாட்டில் கடன் பத்திரங்கள். கொரோனா வந்து வருமானத்தைக் குறைத்து செலவைக் கூட்டியது. 2022-ன் தொடக்கத்தில் தர மதிப்பீட்டு நிறுவனங்கள் கானாவின் மதிப்பைக் குறைத்ததும், புதிதாகக் கடன் கொடுக்க வெளியில் ஆள் இல்லை. அந்த நேரம் பார்த்து உக்ரைன் போர் வந்து எரிபொருள், கோதுமை விலையை ஏற்றியது. அதே வருடம் இலங்கை திவாலானதை நினைத்துப் பார்த்தால் இந்தக் கதையின் பாதி தெரிந்த கதைதான்.

கையில் காசில்லாத அரசு முதலில் மக்களின் செல்போனைப் பார்த்தது. கானாவில் செல்போன் வழியாகப் பணம் அனுப்புவது எங்கும் பரவிய பழக்கம். மகன் அம்மாவுக்கு அனுப்புவதும், கடைக்காரர் சரக்குக்கு அனுப்புவதும் அதில்தான். 2022 மே மாதம் அதன்மீது 1.5 சதவீத வரி விழுந்தது. எதிர்பார்த்த பணம் வரவில்லை. சர்வதேச நிதியத்திடம் போகமாட்டோம் என்று சொல்லிவந்த அரசு, ஜூலையில் அங்கேயே போய் நின்றது. விடுதலை பெற்ற 1957-லிருந்து கணக்குப் பார்த்தால் அது 17-வது முறை.

டிசம்பரில் இரண்டு அடிகள் விழுந்தன. வெளிநாட்டுக் கடன்களில் பெரும்பகுதிக்குத் தவணை கட்டுவதை அரசு நிறுத்தியது. அதற்குச் சில நாள் முன்பு, உள்நாட்டில் விற்ற அரசுப் பத்திரங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, குறைந்த வட்டியும் நீண்ட தவணையும் கொண்ட புதுப் பத்திரங்களை வாங்கிக்கொள்ளச் சொன்னது.

அந்தப் பத்திரங்களை வைத்திருந்தது வங்கிகள் மட்டுமா? வேலையிலிருந்து ஓய்வுபெற்று, கிடைத்த மொத்தத் தொகையையும் அரசை நம்பிப் போட்டவர்களும்தான். மாத்திரை வாங்குவதும் வாடகை கட்டுவதும் அந்த வட்டியில்தான். 2023 பிப்ரவரியில் தலை நரைத்த அந்த முதியவர்கள் நிதி அமைச்சகத்தின் வாசலில் அட்டைகளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். முன்னாள் தலைமை நீதிபதி சோஃபியா அக்குஃபோவும் அவர்களோடு வந்து நின்றார். ஓய்வூதியர்களின் பத்திரங்களுக்கு விலக்கு அளிப்பதாக அரசு கடைசியில் இறங்கி வந்தது. அந்த வருடம் மே மாதம் நிதியம் 300 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் கொடுத்தது.

பிறகு நிலைமை மெல்ல மாறியது. 2024 டிசம்பர் தேர்தலில் ஆட்சி மாறி ஜான் மஹாமா அதிபரானார். செல்போன் பண வரி நீக்கப்பட்டது. 2025 ஏப்ரலில் 15 செடிக்கு மேல் இருந்த டாலர், மே இறுதியில் 10 செடி அளவுக்கு இறங்கியது. பேருந்து, வேன் கட்டணங்கள் 15 சதவீதம் குறைந்தன. செப்டம்பரில் பணவீக்கம் 9.4 சதவீதம். நான்கு வருடங்களுக்குப் பிறகு ஒற்றை இலக்கம்!

இந்தச் செய்தியைக் கேட்டுவிட்டு அக்ராவின் மக்கோலா சந்தைக்குப் போகிறவருக்கு ஒரு குழப்பம் வரும். பணவீக்கம் குறைந்தது என்கிறார்கள், தக்காளி விலை பழையபடி ஏன் இல்லை?

கணக்குப் போட்டால் புரிந்துவிடும். 2021 டிசம்பரில் 100 செடிக்கு ஒரு பை நிறையச் சாமான் வாங்கியதாக வைத்துக்கொண்டால், 54.1 சதவீதம் ஏறி 2022 டிசம்பரில் அது 154 செடி. அடுத்த வருடம் 23.2 சதவீதம், பை 190 செடி. அதற்கடுத்த வருடம் 23.8 சதவீதம்; பை 235 செடி. பணவீக்கம் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது என்று செய்தி வந்த வருடங்களிலும் பை கனத்துக்கொண்டே போயிருக்கிறது. ஒற்றை இலக்கம் என்றால் 235-க்கு மேல் மெதுவாக ஏறுகிறது என்று பொருள். பழைய 100-க்குத் திரும்பும் பேச்சே இல்லை.

சம்பளம் கூடவே ஏறியிருந்தால் பரவாயில்லை. 2021 இறுதியில் ஒருநாள் குறைந்தபட்சக் கூலி 12.53 செடி, 2024 இறுதியில் 18.15 செடி. கூலி 45 சதவீதம் ஏறிய காலத்தில் பை 135 சதவீதம் ஏறிவிட்டது. இடையில் இருக்கும் பள்ளத்தில்தான் கென்கே உருண்டை சுருங்கியது.

செடி நிமிர்ந்ததற்குக் கடுமையான வட்டியும் செலவுக் குறைப்பும் காரணம். அவற்றோடு பெரிய துணை, தங்கம். ஆப்பிரிக்காவில் தங்கம் எடுப்பதில் முன்னணியில் நிற்கும் நாடு கானா. 2025-ல் ஓர் அவுன்ஸ் தங்கம் 3,000 டாலரைத் தாண்டி 4,000-ஐயும் தாண்டியது. சிறு சுரங்கக்காரர்களின் தங்கத்தை வாங்கி விற்கவே அரசு ஒரு தனி வாரியம் அமைத்தது. டாலர் கொட்டியது. ஆனால் அனுமதியில்லாமல் தங்கம் தோண்டுவது கோகோ தோட்டங்களையும் தின்கிறது. பிரா போன்ற ஆறுகளைச் சேறாக்குகிறது.

வந்த விலை நிற்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. கோகோவே சாட்சி. உலகில் கோகோ விளைச்சலில் இரண்டாம் இடத்தில் இருந்துவந்த கானாவில், 2024-ல் ஒரு டன் 10,000 டாலரைத் தாண்டியபோது நோயாலும் மழைக் கோளாறாலும் விளைச்சல் விழுந்து கிடந்தது. போதாததற்கு, சரக்கில் ஒரு பகுதி முன்கூட்டியே மலிவாக விற்கப்பட்டிருந்தது. 2025 இறுதியில் அந்த விலை ஏறக்குறைய பாதியாகிவிட்டது.

அதனால் கானாவில் டாலர் விலையோடு இன்னும் இரண்டையும் பார்க்க வேண்டும். தங்கத்தில் வந்த வரவில் எவ்வளவு கடனை அடைக்கவும் கையிருப்பைக் கூட்டவும் போகிறது? 235 செடிப் பையை எட்டிப்பிடிக்கக் கூலி எவ்வளவு வேகமாக ஏறுகிறது? முதல் கேள்வியில் தவறினால் 18-வது முறையாக நிதியத்தின் கதவைத் தட்ட வேண்டிவரும். இரண்டாவதில் தவறினால், பணவீக்கம் எத்தனை சதவீதம் குறைந்தாலும் கென்கே உருண்டை பழைய அளவுக்குத் திரும்பாது.