மலை இல்லாட்டி என்ன... ஏரிக்கரை இருக்கே!

"பாண்டிச்சேரியில மலை எங்கே பாஸ் இருக்கு?"

கியர் வெச்ச மவுன்டன் பைக்கை ஹாஸ்டல் வாசல்ல நிறுத்தினதும் வர்ற முதல் கமென்ட் இதுதான். நியாயமான கேள்விதான். வில்லியனூர்ல நின்னு சுத்திப் பார்த்தா, உசரமா தெரியறது கோயில் கோபுரமும் பனைமரமும்தான். பாகூர் பக்கம் போனீங்கன்னா கண்ணுக்கு எட்டின வரைக்கும் நெல் வயல். புதுச்சேரியோட நெற்களஞ்சியம்னு அதுக்குப் பேரே உண்டு.

ஆனா ஒரு சின்ன ஃப்ளாஷ்பேக். 1976 அக்டோபர் 21. அமெரிக்காவில், கலிஃபோர்னியாவின் ஃபேர்ஃபாக்ஸ் பக்கத்தில் ஒரு மண் சரிவில் கொஞ்சம் பசங்க ரேஸ் விட்டாங்க. ரேஸுக்குப் பேரு 'ரீபேக்'. ஓட்டினது என்ன வண்டி தெரியுமா? 1930-40களில் வந்த, தடி டயர் போட்ட பழைய சைக்கிள்! இறக்கத்தில் பிரேக் பிடிச்சுப் பிடிச்சே ஹப்பில் இருக்கும் கிரீஸ் புகைஞ்சு காலியாகிடும். ஒவ்வொரு முறையும் புதுசா கிரீஸ் அடைக்கணும். பேருக்குக் காரணம் அதுதான். சரியா 20 வருஷம் கழிச்சு, 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் மவுன்டன் பைக்கிங் ஒரு போட்டியாவே சேர்ந்துடுச்சு.

ஆக, இந்த வண்டிக்கு வேண்டியது இமயமலை இல்லை மச்சி... மண்ணு! அகலமான டயர், லேசான கியர், நீளமான ஹேண்டில்பார் எல்லாமே கரடுமுரடான தரைக்காக வந்ததுதான். அது நம்ம கொம்யூன்களில் தாராளமா கிடைக்குது.

எங்கே போகலாம்?

முதல் ஸ்பாட், ஊசுட்டேரி. புதுச்சேரியிலேயே பெரிய ஏரி. பாதி நம்ம பக்கம், மீதி தமிழ்நாடு பக்கம். 2008-ல் புதுச்சேரி அரசு இதைப் பறவைகள் சரணாலயமா அறிவிச்சது. குளிர்காலத்தில் வெளிநாட்டு விருந்தாளிகள் வந்து இறங்குவாங்க. அதனால ஊர்க்காரங்க நடக்கிற பாதையோட நிறுத்திக்குங்க. மணி அடிக்கிறது, மொபைலில் பாட்டு அலற விடுறது எல்லாம் வேண்டாம். தடை போர்டு இருந்தா வண்டியைத் திருப்பிடுங்க.

ரெண்டாவது, சங்கராபரணி ஆத்தங்கரை. வில்லியனூரிலிருந்து திருக்காஞ்சி பக்கம் போனா மணலும் மண்ணும் மாறி மாறி வரும். மணலில் முன்சக்கரம் புதையுறப்போ ஹேண்டில்பாரோட மல்லுக்கட்டாதீங்க. உடம்பைப் பின்னால சாய்ச்சு, லேசான கியரில் சீரா மிதிச்சாலே தாண்டிடலாம்.

மூணாவது, பாகூர் ஏரி. சொர்ணாவூர் அணைக்கட்டில் தென்பெண்ணைத் தண்ணியைப் பிரிச்சு, பங்காரு வாய்க்கால் வழியா இங்கே கொண்டு வர்றாங்க. அந்த ஊரோட இன்னொரு பெருமை, காலேஜ் பசங்களுக்குன்னே உள்ளது. 9-ம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் நிருபதுங்கன் காலத்தில், இங்கே இருந்த ஒரு கல்லூரிக்கு மூணு கிராமங்களோட வருமானத்தைத் தானமா எழுதி வெச்சிருக்காங்க. பாகூர் செப்பேடு சொல்ற சேதி இது. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே நம்ம ஏரியாவில் ஸ்காலர்ஷிப்! மூலநாதர் கோயில் வாசலில் வண்டியை நிறுத்தி ஒரு ரவுண்டு பாருங்க.

கால் தாங்கும்னா, வில்லியனூருக்கு வடமேற்கே திருவக்கரை வரைக்கும் போகலாம். அங்கே செம்மண் மேடும் பள்ளமுமா இருக்கும். சுமார் 2 கோடி வருஷத்துக்கு முந்தின மரங்கள் கல்லாகிக் கிடக்கிற பூங்காவும் இருக்கு. போற வழியில் எது புதுச்சேரி, எது தமிழ்நாடுன்னு தேடிக் குழம்பாதீங்க. ரெண்டும் அப்படிப் பின்னிக் கிடக்கு.

எல்லாம் ஓ.கே... கண்ணுக்கு என்ன?

பைக் பார்த்தாச்சு, ஹெல்மெட் வாங்கியாச்சு. கண்ணாடின்னா மட்டும் 'அது ஸ்டைலுக்குத்தானே'ன்னு விட்டுடறோம். இந்த ரூட்டில் கண்ணுக்கு எதெல்லாம் குறி வைக்குதுன்னு பாருங்க. ஏரிக்கரையில் முகத்து உயரத்துக்கு நீட்டிக்கிட்டு நிக்கிற சீமைக் கருவேல முள். வரப்போரத்துக் கரும்புத் தோகை. ரோட்டிலேயே காய வெச்சிருக்கிற நெல்லு, அதில் காத்தோட கிளம்புற உமி. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல வண்டி வெளிச்சத்தைத் தேடி வர்ற பூச்சி. முன்னால போற நண்பன் டயர் தூக்கி அடிக்கிற பொடிக்கல்.

தூசிதானே, கசக்கினா போயிடும்னு தோணும். போகாது. உமியோ முள்ளோ இலையோ கருவிழியைக் கீறினா, அந்தக் காயத்து வழியா பூஞ்சைக் காளான் உள்ளே போயிடும். மதுரையில் 1994-ல் மூணு மாசம் நடந்த ஒரு ஆய்வில், கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரைப் பரிசோதிச்சாங்க. கிருமி இன்னதுன்னு தெரிஞ்சது 297 பேருக்கு. அதில் 139 பேருக்கு வெறும் பூஞ்சைதான் காரணம்! மொத்தப் பேரில் மூணில் ரெண்டு பங்கு பேர் ஏற்கெனவே கண்ணில் அடிபட்டவங்க. நம்மைப் போல வயலும் வரப்புமான ஊர்களில் இது நிஜமான ஆபத்து. பூஞ்சைப் புண் மெதுவாத்தான் ஆறும். தழும்பு விழுந்தா பார்வையே மங்கலாம்.

கடையில் என்ன கேட்கணும்?

ஒண்ணு, பாலிகார்பனேட் லென்ஸ். கல் பட்டா கண்ணாடி லென்ஸ் மாதிரி சில்லு சில்லா உடையாது. கண்ணாடி லென்ஸ் போட்டு மண் ரோட்டில் ஓட்டவே ஓட்டாதீங்க.

ரெண்டு, 'யுவி 400' குறி. புற ஊதாக் கதிரைத் தடுக்கிறது அதுதான். கறுப்பா இருக்கிறதெல்லாம் பாதுகாப்பு இல்லை. பாதுகாப்பு இல்லாத கறுப்புக் கண்ணாடியைப் போட்டா, இருட்டுன்னு ஏமாந்து கண்ணின் பாப்பா விரியும். கதிர் இன்னும் தாராளமா உள்ளே போகும். பிளாட்ஃபார்ம் கடையில் ஹீரோ ஸ்டைல் பார்த்து வாங்குறவங்க யோசிச்சுக்குங்க.

மூணு, ஷேப். பக்கவாட்டில் வளைஞ்சு, புருவத்தோடும் கன்னத்தோடும் ஒட்டி உட்காரணும். அதுக்காக இமை மயிர் லென்ஸில் இடிக்கக் கூடாது. போட்டுக்கிட்டுத் தலையை வேகமா ஆட்டிப் பாருங்க, வழுக்கக் கூடாது. ஹெல்மெட்டையும் கையோட கொண்டு போய் ரெண்டையும் சேர்த்துப் போட்டுப் பாருங்க. காதுக்கு மேல வார் கம்பியை அழுத்தினா, பத்தாவது கிலோமீட்டரில் தலைவலி வந்துடும்.

நாலு, நிறம். நீங்க அஞ்சரைக்குக் கிளம்புற ஆளா, அல்லது சாயங்காலம் திரும்புற ஆளா? அப்போ நிறமே இல்லாத கிளியர் லென்ஸ்தான் பெஸ்ட். உச்சி வெயிலுக்கு வகை 3 கறுப்பு லென்ஸ் போதும். அது 8 முதல் 18 சதவீத வெளிச்சத்தைத்தான் உள்ளே விடும். வகை 4-ஐ வண்டி ஓட்டும்போது போடக் கூடாது. மர நிழலும் வெயிலும் மாறி மாறி வர்ற பாதைக்கு பிரவுன் லென்ஸ், பள்ளம் மேட்டை நல்லா காட்டும். போலரைஸ்டு லென்ஸ் தண்ணிப் பளபளப்பைக் குறைக்கும். ஆனா ஈரச் சேறு மினுக்குறதும் தெரியாமப் போகலாம், மொபைல் திரையும் இருண்டு தெரியலாம். அதனால ஏரிக்கரைக்கு அது அவசியமில்லை.

பாக்கெட் மணி டைட்டா? கவலையே வேண்டாம். ஹார்டுவேர் கடையில், லேத் பட்டறைக்காரங்க போடுற கிளியர் சேஃப்டி கண்ணாடி இருக்கும். ஃபிரேமில் 'இசட் 87 பிளஸ்' அல்லது 'இஎன் 166 எஃப்'னு அச்சு இருக்கான்னு பாருங்க. மோதல் சோதனையில் பாஸான லென்ஸ்னு அர்த்தம். சில நூறு ரூபாய்க்குள்ளேயே வேலை முடியும். அதைவிட மலிவான இன்ஷூரன்ஸ் எங்கே கிடைக்கும்?

பவர் கண்ணாடி போடுறவங்க, பாலிகார்பனேட்டில் பவர் போட்டுத் தரச் சொல்லலாம். இல்லாட்டி மேலே மாட்டுற பெரிய சைஸ் சேஃப்டி கண்ணாடி இருக்கு. கான்டாக்ட் லென்ஸ் போட்டுட்டுப் புழுதியில் ஓட்டறது ரிஸ்க். அதோட ஏரித் தண்ணியில் முகம் கழுவறது டபுள் ரிஸ்க்.

ஏதாவது விழுந்துட்டா?

வண்டியை ஓரங்கட்டுங்க. கசக்காதீங்க. பாட்டிலில் இருக்கிற குடிதண்ணியைக் கண்ணில் மெதுவா ஊத்துங்க. வாய்க்கால் தண்ணி, விளக்கெண்ணெய், இலைச்சாறு, தாய்ப்பால்னு யார் எதைச் சொன்னாலும், "சரிங்க பெரியம்மா"ன்னு தலையாட்டிட்டு வந்துடுங்க. மெடிக்கல் ஷாப்பில் 'கண் சிவப்புக்கு ஒரு சொட்டு மருந்து'ன்னு கேட்டு வாங்காதீங்க. அதில் ஸ்டீராய்டு இருந்தா, பூஞ்சைக்கு நீங்களே விருந்து வெச்ச மாதிரி ஆயிடும். ஏதாவது குத்தி உள்ளேயே நிக்குதா? பிடுங்காதீங்க, தண்ணியும் ஊத்தாதீங்க. கண்ணை அழுத்தாம நேரா ஆஸ்பத்திரி. உறுத்தல், சிவப்பு, கூச்சம், மங்கல் அடுத்த நாளும் இருந்தா, கிளாஸை கட் பண்ணிட்டு கண் டாக்டரைப் பாருங்க. பாகூரில் இருந்து வர்ற வழியில், தவளக்குப்பத்திலேயே அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கு. ஜிப்மரும் இருக்கு. 'இலை பட்டுச்சு', 'உமி விழுந்துச்சு'ன்னு மறக்காமச் சொல்லுங்க. எந்தக் கிருமியைத் தேடணும்னு டாக்டருக்கு அந்த ஒரு வரியே க்ளூ.

கடைசியா பையில் என்ன? ஸ்பேர் டியூப், பஞ்சர் கிட், சின்ன பம்ப் (கருவேல முள் யாரையும் விட்டு வைக்காது), தண்ணி ரெண்டு பாட்டில், லென்ஸ் துடைக்க ஒரு பருத்தித் துணி. புழுதி படிஞ்ச லென்ஸைச் சட்டையில் தேய்க்காதீங்க, கீறல் விழும். முதல்ல தண்ணி, அப்புறம் துணி.

இந்த சனிக்கிழமை அலாரத்தை அஞ்சு மணிக்கு வைங்க. வெயில் ஏறுறதுக்குள்ள ஊசுட்டேரியில் ஒரு ரவுண்டு, வில்லியனூரில் ஒரு பிளேட் சூடான இட்லி. கண்ணாடியை மட்டும் பையிலேயே விட்டுடாதீங்க... மூக்கு மேல மாட்டுங்க!